உத்தியோகமும் மாடிப்படியும்

"உத்தியோகம் புருஷ லட்சணம்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். இப்பொழுது அது ஸ்திரீ லட்சணமும் ஆகிவிட்டது. அதில் நமக்கு மெத்த சந்தோஷமே. ஆனால் உத்தியோகம் பார்க்கும் கட்டடத்துக்கு என்ன லட்சணம் என்று மட்டும் ஒருவரும் சொல்லி வைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, நம் தேசத்தில் காரியாலயம் கட்டப் புகுந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் மூன்றடி உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, அதற்குக் கைப்பிடியில்லாத ஐந்தாறு படிகளை வைத்து, பிறகே சுவரை எழுப்புகிறார்கள். தாலுகா கச்சேரியானாலும், பாங்கியானாலும், பள்ளிக்கூடமானாலும் ஏறக்குறைய இதே கதைதான். மழை வெள்ளம் உள்ளே வராது, அது நியாயமே. கூடவே சில மனிதர்களும் உள்ளே வர முடியாமல் போகிறது. அவர்களைப் பற்றித்தான் இங்கே சில வார்த்தைகள் சொல்ல எண்ணுகிறோம்.

இந்த விஷயத்தில் பேச நமக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு. ஒன்றரை வயதில் வந்த ஒரு காய்ச்சல் நமது இடது காலின் பலத்தைத் தன்னோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. இளம்பிள்ளை வாதம் என்று புத்தகத்தில் எழுதுவார்கள். ஊரில் போலியோ என்பார்கள். காலிப்பர் மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய், காலேஜ் போய், பட்டம் பெற்று, இன்று உபாத்தியாயராகக் கணக்குப் பாடம் நடத்தி வருகிறோம். இது பெரிய சாதனை என்று யாரும் மாலை போட வேண்டாம். நம்மைப்போல் ஆயிரக்கணக்கானவர்கள் நாடெங்கும் உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

போலியோக் கிருமி நம் தேசத்தை விட்டு வெளியேற்றப்பட்டது ஒரு மகத்தான காரியம். இயற்கையில் திரியும் அக்கிருமியால் இந்தியாவில் கடைசியாக ஒரு குழந்தை நோயுற்றது 2011 ஜனவரி 13-ந் தேதி, வங்காளத்தில் ஹௌரா ஜில்லாவில். 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இந்தப் பிராந்தியத்துக்கே அத்தாட்சி கொடுத்தது. பத்திரிகைகள் மகிழ்ந்தன; நாமும் மகிழ்ந்தோம். ஆனால் 1970-களிலும் 80-களிலும் அக்கிருமி தொட்ட குழந்தைகள் என்ன ஆனார்கள் என்று கேட்டவர்கள் சொற்பம். அவர்கள்தாம் இன்று நாற்பதும் ஐம்பதும் வயதான குமாஸ்தாக்கள், உபாத்தியாயர்கள், பாங்கிக் காசாளர்கள். நோய் போய்விட்டது, நோய் தொட்ட தலைமுறை இன்னும் கையெழுத்துப் போட்டு வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. போலியோ வந்து பதினைந்து முதல் நாற்பது வருஷம் கழித்து, சிலருக்குத் தசைகளில் புதிதாக ஒரு பலவீனமும், அயர்வும், வலியும் தோன்றுகின்றன. நோயில் மாண்ட நரம்பணுக்களின் வேலையையும் சேர்த்து இத்தனை காலம் சுமந்து வந்த மிச்ச நரம்பணுக்கள் களைத்துப் போவதே இதற்குக் காரணம் என்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். ஆகவே, இருபத்தெட்டாவது வயதில் ஒரு நாளைக்கு ஐந்து முறை மாடி ஏறி இறங்கியவர், நாற்பத்தைந்தாவது வயதில் ஒரு முறை ஏறுவதற்குள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "இத்தனை வருஷம் ஏறினீர்களே, ஸார்!" என்று கேட்பவர்கள் பொல்லாதவர்கள் அல்ல. அவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நமக்கும் அந்தக் காலம் வந்தது. நமது பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது, படிகள் இருபத்திரண்டு. தலைமையாசிரியரிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். அவர் தங்கமான மனிதர். உடனே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"ஸார், உங்களுக்கு எதற்கு இந்தச் சிரமம்? பத்தாம் வகுப்பை விட்டுவிடுங்கள். கீழே ஆறாம் வகுப்பு இருக்கிறது. இல்லாவிட்டால் லைப்ரரியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹாயாக இருக்கலாம்" என்றார்.

ஹாயாக இருக்க ஆசைப்படாதவர் யார்? ஆனாலும் அந்த வார்த்தை நமக்கு இனிக்கவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கு நடத்தத் தலை வேண்டும், குரல் வேண்டும், சாக்கட்டி வேண்டும். இவை மூன்றும் நம்மிடம் இருந்தன. இல்லாதது இருபத்திரண்டு படி ஏறும் சக்தி ஒன்றுதான். அந்தப் படிகளுக்கும் அல்ஜீப்ராவுக்கும் என்ன சம்பந்தம்? ஆகவே, "வேலையைக் குறைக்க வேண்டாம், ஐயா, அறையை மாற்றிக் கொடுங்கள். பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு கீழே வரட்டும், கீழேயுள்ள எட்டாம் வகுப்பு மேலே போகட்டும்" என்று கேட்டோம்.

ஒன்றரை மாதம் ஆயிற்று. இதற்கு முன் இப்படி நடந்ததில்லை என்றார்கள். ஒருவருக்காக எழுபது பிள்ளைகளை இடம் மாற்றுவதா என்றார்கள். ஓய்வறையில் "சலுகை" என்ற வார்த்தை நம் காதில் படும்படியாகவும் படாதபடியாகவும் உலவியது. கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், டிராயிங் மாஸ்டரும் பள்ளிக்கூடச் சிப்பந்தி ஒருவரும் சேர்ந்து ஒன்றிரண்டு பெஞ்சுகளை மாற்றிப் போட்டார்கள். காரியம் முடிந்தது. செலவு, அவர்கள் இருவருக்கும் வாங்கிக் கொடுத்த காப்பி. அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வழக்கம்போல் கணக்கில் தேறினார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளோ, மாடி கிடைத்ததென்று குதூகலித்தார்கள்.

இந்தச் சின்னக் கதையை ஏன் சொல்கிறோமென்றால், இதில் இரண்டு விதமான உதவிகள் வருகின்றன. உலகம் இரண்டையும் ஒன்றென்று எண்ணிக்கொள்கிறது. தலைமையாசிரியர் முதலில் கொடுக்க வந்தது கருணை. அது மனிதரை வேலையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறது. டிராயிங் மாஸ்டர் செய்தது ஏற்பாடு. அது இடைஞ்சலை வேலையிலிருந்து நகர்த்துகிறது. கருணையை மறுத்தால் நன்றிகெட்டவர் என்ற பெயர் வரும். அதற்கு அஞ்சியே பல நல்ல தொழிலாளிகள் மூலையில் போய் உட்கார்ந்து விடுகிறார்கள்.

சற்று நிதானமாக யோசித்தால், ஏற்பாடு இல்லாமல் வேலை செய்கிறவர் இவ்வுலகில் யாருமே இல்லை என்பது புலப்படும். மாடிப்படி என்பது என்ன? பன்னிரண்டடி உயரத்தைத் தாவிக் குதிக்க முடியாத மனிதர்களுக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு அல்லவா? மின்சார விளக்கு இருட்டில் கண் தெரியாதவர்களுக்கான ஏற்பாடு. நாள் முழுவதும் நிற்க முடியாதவர்களுக்கான ஏற்பாடு நாற்காலி. காரியாலயத்தில் பேர்பாதிச் செலவு இப்படிப்பட்ட ஏற்பாடுகளுக்கே ஆகிறது. பத்துப் பேருக்கு ஒரேவிதமாகத் தேவைப்பட்டால் அதற்குக் கட்டடம் என்று பெயர். பதினோராவது ஆளுக்கு வேறு விதமாகத் தேவைப்பட்டால் அது சலுகையாகி விடுகிறது.

பெரிய பதவியில் இருப்பவர் கேட்டால் மட்டும் இந்தச் சிக்கல் எழுவதில்லை. அமெரிக்காவின் ஜனாதிபதியாக இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை எல்லாரும் அறிவார்கள். 1921-ல், தமது முப்பத்தொன்பதாம் வயதில், போலியோ என்று வைத்தியர்கள் நிர்ணயித்த நோயினால் அவர் கால்கள் செயலிழந்தன. 1933 முதல் 1945-ல் காலமாகும் வரை அவர்தான் ஜனாதிபதி. சாதாரணமான ஒரு சிறு நாற்காலிக்குச் சக்கரம் பூட்டி அதில் வலம் வந்தார். கைகளைக் கொண்டே ஓட்டும்படியாக மோட்டார்க் காரை மாற்றி வைத்துக்கொண்டார். அவருக்காக வெள்ளை மாளிகையில் சாய்தளங்கள் போட்டார்கள். ஒரு மகாயுத்தத்தை நடத்தியவருக்குச் சலுகை காட்டினார்கள் என்று எந்தச் சரித்திரக்காரரும் எழுதவில்லை. ஜனாதிபதிக்குச் சாய்தளம் போட்டது ராஜாங்க காரியமானால், உபாத்தியாயருக்கும் குமாஸ்தாவுக்கும் போடுவதை மட்டும் தர்ம காரியமாகக் கருதுவானேன்?

நம் தேசத்துச் சட்டம் இந்தக் கேள்விக்குத் தெளிவாகவே விடை சொல்லியிருக்கிறது. 1995-ல் முதல் சட்டம் வந்தது. பிறகு 2006-ல் ஐக்கிய நாடுகள் சபை ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா 2007 அக்டோபர் முதல் தேதி அதை உறுதி செய்தது. அதன்படி எழுந்ததே 2016-ஆம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம்; 2017 ஏப்ரல் 19 முதல் அது அமலில் இருக்கிறது. பழைய சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைச் சொல்லிற்று. புதியது இருபத்தொன்றைச் சொல்கிறது. சர்க்கார் உத்தியோகத்தில் 3 சதவீதமாக இருந்த ஒதுக்கீடு 4 சதவீதமாயிற்று.

ஒதுக்கீட்டைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அது வாசற்கதவைத் திறப்பது மட்டுமே. உள்ளே வந்த பிறகு முப்பது வருஷம் எப்படி வேலை பார்ப்பது என்பதற்குச் சட்டத்தில் வேறோர் ஏற்பாடு இருக்கிறது. அதுதான் பலருக்குத் தெரியவில்லை. அதை நாம் "நியாயமான ஏற்பாடு" என்று சொல்லலாம். மற்றவர்களுக்குச் சமமாக ஒருவர் தம் உரிமையை அனுபவிக்க, அவருடைய நிலைக்குத் தக்கபடி செய்து கொடுக்க வேண்டிய மாறுதல் அது. எஜமானர் மீது தகாத பாரம் ஏற்றுவதாக மட்டும் அது இருத்தல் கூடாது. இருபதாவது பிரிவின்படி, இத்தகைய ஏற்பாட்டைச் செய்து கொடுப்பது சர்க்கார் ஸ்தாபனங்களின் கடமை. சர்க்காரின் உதவி பெறும் ஸ்தாபனங்களும் அந்தக் கணக்கில் சேரும். அதைவிட முக்கியம், இந்த ஏற்பாட்டை மறுப்பதே பாரபட்சம் காட்டுவதாகும் என்று சட்டத்தின் பொருள் விளக்கம் கூறுகிறது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் ஒரு பரீட்சார்த்தியின் வழக்கில், 2021-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே வற்புறுத்தி, அவருக்கு எழுத்தர் துணை உண்டென்று தீர்ப்பளித்தது.

இதே பிரிவில் இன்னொரு விதி இருக்கிறது. அதை ஒவ்வொரு குடும்பத்திலும் எழுதி ஒட்டி வைக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஏனென்று சொல்கிறோம்.

நமக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா. சர்க்கார் ஸ்தாபனம் ஒன்றில் இருபத்துநாலு வருஷம் உழைத்தவர். சில வருஷங்களுக்கு முன், ஒரு விபத்தில் முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆறு மாதம் கழித்துச் செயற்கைக் காலோடு வேலைக்குத் திரும்பினார். மேலதிகாரி கண் கலங்கினார், காப்பி வரவழைத்தார். "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணே. பென்ஷன் வரும். இந்தக் கிளைக்கும் அந்தக் கிளைக்கும் அலைகிற வேலை இனி உங்களால் ஆகாது" என்றார். டைப் செய்து தயாராக வைத்திருந்த ஒரு விண்ணப்பத்தையும் நீட்டினார். விருப்ப ஓய்வு கோரும் விண்ணப்பம் அது. நம் நண்பருக்கும் தொண்டை அடைத்தது. இவ்வளவு அன்பாகச் சொல்கிறாரே என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். சர்வீஸ் பாக்கி பதினொரு வருஷம். மூத்த பெண் காலேஜில் இரண்டாம் வருஷம்.

இருபதாவது பிரிவின் நாலாவது உட்பிரிவு அன்று அவருக்குத் தெரியாது. வேலையில் இருக்கும்போது ஊனம் நேர்ந்துவிட்டது என்பதற்காக ஒருவரைச் சர்க்கார் ஸ்தாபனம் விலக்கவோ, பதவியில் இறக்கவோ கூடாது என்பது அந்த விதி. பழைய வேலை அவருக்கு ஒத்து வராவிட்டால், அதே சம்பள விகிதத்தில், அதே சர்வீஸ் சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படிப்பட்ட வேலை காலியாக இல்லாவிட்டால், தகுந்த இடம் கிடைக்கும்வரை, அல்லது ஓய்வு வயது வரும்வரை, உபரியாக ஒரு பதவியை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். சில விதமான வேலைகளுக்குச் சர்க்கார் விதிவிலக்கு அளிக்கலாம். குமாஸ்தா உத்தியோகம் அவற்றில் ஒன்றாக இருக்க நியாயமில்லை. பழைய 1995-ஆம் வருஷச் சட்டத்திலும் நாற்பத்தேழாவது பிரிவாக இந்தப் பாதுகாப்பு இருந்தது. பணியில் காயம்பட்டுக் காலை இழந்த ஒரு காவலரின் வழக்கில், ஊனத்துக்கான பென்ஷன் கொடுத்தாகிவிட்டது என்பது இந்தப் பாதுகாப்பை மறுக்கக் காரணமாகாது என்று 2003-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

நம் நண்பரோ தாமே ஓய்வு கேட்டதாக எழுதிக் கொடுத்தவர். எழுதியதைத் திரும்பப் பெற இன்னும் படியேறிக்கொண்டிருக்கிறார். அந்தக் காரியாலயமும் மாடியிலேதான் இருக்கிறது. அவரைத் துரத்தியவர் ஒருவரும் இல்லை. அன்பாகவே அனுப்பி வைத்தார்கள். ஆகையால் யார்மீது கோபிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

இனி, சாதாரணமாக எழும் ஆட்சேபங்களைப் பார்ப்போம். "இதற்கெல்லாம் பணத்துக்கு எங்கே போவது?" என்பது முதலாவது. அமெரிக்காவில் பல வருஷங்களாக எஜமானர்களிடம் விசாரித்துத் திரட்டிய கணக்குகளின்படி, இத்தகைய ஏற்பாடுகளில் ஏறக்குறையப் பாதிக்கு ஒரு காசும் செலவாவதில்லை. அறையை மாற்றுவது, நேரத்தைச் சற்று முன்பின்னாக வைப்பது, மேஜையை வாசலுக்குச் சமீபமாகப் போடுவது ஆகியவற்றுக்குப் பணம் எதற்கு?

பணம் செலவழித்தும் பயனில்லாமல் போவதையும் நாம் பார்க்கிறோம். சாய்தளம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது வேண்டும் என்பது கட்டடக் கலைஞர்களின் விதி. மூன்றடி மேடைக்கு முப்பத்தாறு அடி. நடைமுறையில் என்ன செய்கிறார்கள்? படிகளின் ஓரத்தில் ஏழெட்டு அடிக்கு ஒரு சிமெண்டுச் சறுக்குமரம் கட்டி, சக்கர நாற்காலிப் படத்தை வரைந்து, போட்டோவும் எடுத்துவிடுகிறார்கள். அதில் ஏறுவதற்கு இரண்டு பேர் தள்ள வேண்டும். இறங்குவதற்குத் தெய்வம் துணை வேண்டும். அந்தச் சாய்தளத்தைப் பயன்படுத்தப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சிமெண்டு வீணாகியிராது.

"ஒருவருக்குச் செய்தால் எல்லாரும் கேட்பார்களே!" என்பது இரண்டாவது ஆட்சேபம். கேட்கட்டுமே! பரீட்சைக் கண்காணிப்பின்போது நமக்காக அறையில் ஓர் உயரமான ஸ்டூல் போட்டார்கள். மறு வருஷம் கர்ப்பவதியான ஓர் ஆசிரியைக்கு அது உதவிற்று. அதற்கடுத்த வருஷம் முழங்கால் வாதம் கண்ட ஒரு மூத்த ஆசிரியர் அதில் உட்கார்ந்தார். காப்பியடித்த பையன்கள் முன்போலவே பிடிபட்டார்கள்.

தனியார் கம்பெனிகளின் நிலைமை வேறு. இருபதாவது பிரிவின் கட்டாயங்கள் பெரும்பாலும் சர்க்கார் ஸ்தாபனங்களையே குறித்துப் பேசுகின்றன. ஆயினும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடுவது தனியார் உட்பட ஒவ்வொரு ஸ்தாபனத்தின் கடமை. இருபது பேரோ அதற்கு மேற்பட்டவரோ வேலை செய்யும் இடமானால், என்னென்ன வசதிகள், எந்தெந்த வேலைகள், யாரிடம் முறையிடுவது என்பதெல்லாம் அதில் விவரமாக இருக்க வேண்டும். "உங்கள் கொள்கைப் பத்திரம் எங்கே?" என்று கேட்பதே ஒரு நல்ல ஆரம்பம்.

2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியாவில் ஊனமுற்றவர்களின் தொகை 2 கோடியே 68 லட்சம். முன்பு அவர்களை அங்கஹீனர் என்றார்கள். பிறகு ஊனமுற்றோர் என்றார்கள். இப்பொழுது மாற்றுத்திறனாளிகள் என்கிறோம். பெயர் படிப்படியாக உயர்ந்தது நல்லதே. படிதான் ஓர் அங்குலமும் தாழவில்லை.

ஆகவே, இதைப் படிக்கும் குடும்பங்களுக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவே. உங்கள் வீட்டில் ஒருவருக்கு விபத்தோ வியாதியோ நேர்ந்து உடலில் குறை ஏற்பட்டால், முதல் காரியமாக எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். கண்ணீரோடு நீட்டப்படும் காகிதமானால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். வேண்டிய ஏற்பாடு இன்னதென்று குறிப்பாக எழுதி, தேதி போட்டுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்பம் வாங்கி வையுங்கள். "கஷ்டமாயிருக்கிறது" என்று எழுதினால் அனுதாபம் வரும். "பத்தாம் வகுப்பைக் கீழ் அறைக்கு மாற்றுக" என்று எழுதினால் பதில் வந்தாக வேண்டும். சர்க்கார் ஸ்தாபனங்களில் இதற்கென்றே ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும் என்றும், வந்த புகாரை இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அதற்குமேல் ஜில்லாக் கமிட்டி இருக்கிறது. மாகாணத்துக்கு ஒரு கமிஷனர் இருக்கிறார்.

அதிகாரிகளாக இருப்பவர்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்களிடம் ஒருவர் வந்து இப்படிக் கேட்டால், "பாவம், உங்களால் முடியுமா?" என்று தொடங்காதீர்கள். "என்ன மாற்றினால் உங்களால் முடியும்?" என்று கேளுங்கள். பத்தில் ஒன்பது தடவை அவரே விடையைத் தயாராக வைத்திருப்பார். அது நீங்கள் அஞ்சியதைவிடச் சுலபமாகவும் இருக்கும்.

தேசம் சுதந்திரம் அடைந்தபோது, தன் உழைப்பால் தான் பிழைக்கும் கௌரவம் ஒவ்வொருவருக்கும் கிட்டும் என்று பெரியவர்கள் கனவு கண்டார்கள். வேலைக்கான உரிமையைப் பேசும் அரசியல் சாசனத்தின் நாற்பத்தோராவது ஷரத்து, உடற்குறை நேர்ந்தவர்களையும் மறவாமல் குறிப்பிடுகிறது. சட்டசபையில் செய்ய வேண்டியதைச் சட்டசபை செய்துவிட்டது. மிச்சமிருப்பது பெஞ்சை நகர்த்தும் வேலை. அதற்கு ஒரு சனிக்கிழமைப் பிற்பகலும், மனமுள்ள இரண்டு பேரும் போதும்.